மூன்றாம் ஓலைக்கு ஓர் ஆட்சேபணை

மணமக்களுக்குள் உறவுமுறைத் தடை இருக்கிறது, அல்லது இருவரில் ஒருவருக்கு ஏற்கெனவே கலியாணம் ஆகியிருக்கிறது, அல்லது வயது போதவில்லை என்கிற காரணங்களுக்காக மட்டுமே ஓலைக்கு ஆட்சேபணை சொல்லலாம். ஓலை வாசித்த விதத்தில் குறை கண்டவர் அதை ஆராதனைக்கு முன்னால் ஐயரிடம் தனியே தெரிவிக்க வேண்டும். இதுதான் எங்கள் சபையில் இருந்த விதி. ஒரு தடவை வாசித்தாலே புரிந்துவிடும். நான் அதை வாசித்தது கோயிலில் எழுந்து நின்றதற்கு மறுநாள் காலையில்.

வெளியாருக்காக ஒரு விளக்கம். எங்கள் கிறிஸ்தவச் சபைகளில் கலியாணத்துக்கு முன்னால் அடுத்தடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை நடுவில், இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நிச்சயித்திருக்கிறது என்று அறிவிப்பு வாசிப்பார்கள். அதற்கு ஓலை என்று பெயர். காகிதம் வந்து எத்தனையோ காலம் ஆகியும் பெயர் மட்டும் ஓலையாகவே நின்றுவிட்டது. வாசிப்பவர் ஐயர், அதாவது எங்கள் குருவானவர். வாசித்து முடித்ததும், இவர்கள் சேரக் கூடாது என்பதற்கு யாருக்காவது நியாயமான தடை தெரிந்தால் சொல்லலாம் என்பார். ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். அது பதிலை எதிர்பார்த்துக் கேட்கிற கேள்வி இல்லை என்பது தொட்டில் பிள்ளைக்கும் தெரியும்.

நான் அப்போது தென்காசித் தாலுகா ஆபீசில் குமாஸ்தா. கேள்வி என்று ஒன்று வந்துவிட்டால் பதில் போட்டே தீர வேண்டும் என்று பழகியவன்.

1957 ஜூனில் என் தங்கைக்கு ஓலை வாசித்தார்கள். அப்பாவும் அம்மாவும் முன்பே போய்விட்டார்கள். அவளுக்கு நான், எனக்கு அவள் என்று இருந்த வீட்டில் இரண்டு வருஷத்துக்கு முன்புதான் என் மனைவி மூன்றாவது ஆளாகச் சேர்ந்திருந்தாள். மாப்பிள்ளை இலஞ்சியில் பள்ளிக்கூட வாத்தியார். சொந்த ஊர் புளியங்குடி. மாப்பிள்ளை பார்த்தது நான். பேசி முடித்தது நான். பத்திரிகை அடித்ததும், அதில் அச்சுப்பிழை திருத்தியதும் நான்.

முதல் ஓலை ஒழுங்காக நடந்தது. இரண்டாம் ஞாயிறு விடியும்போதே காற்றும் மழையும். சாரல் என்று நாங்கள் மரியாதையாகச் சொல்வோம். அன்றைக்கு அது ஓட்டைப் பெயர்த்துக்கொண்டிருந்தது. குற்றாலத்துக் கிளைச் சபையில் காலை ஆராதனை நடத்தப் போயிருந்த ஐயர், வழியில் மரம் விழுந்து கிடந்ததால் திரும்பி வர முடியவில்லை. அவருக்குப் பதிலாக உபதேசியார், அதாவது ஐயருக்குக் கீழே சபையைக் கவனித்துவந்த ஊழியர், ஆராதனையை நடத்தினார். அவரையும் மணியடிக்கிறவரையும் சேர்த்துக் கோயிலில் ஏழு பேர். அந்த ஏழில் நானும் ஒருவன். உபதேசியார் மேலே ஒழுகுகிற இடத்தை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே ஓலையை வாசித்து முடித்தார்.

அதற்கு அடுத்த ஆறு நாளும் எனக்கு ஜமாபந்தி. தாலுகாவில் உள்ள அத்தனை கிராமத்துப் பதிவேடுகளும் வருஷத்துக்கு ஒரு முறை கட்டுக் கட்டாக வந்து இறங்கும். எந்தப் பக்கத்தில் யார் கையெழுத்து விட்டுப்போயிருக்கிறது, எந்த நகலை யார் அதிகாரம் இல்லாமல் ஒப்பமிட்டிருக்கிறார் என்று தேடுவதுதான் வேலை. ஆறு நாள் குறை கண்ட கண்ணைக் கழுவாமல் ஏழாம் நாள் கோயிலுக்குப் போனேன்.

ஐயர் "மூன்றாம் முறையாக" என்று வாசித்தார். வழக்கமான கேள்வியைக் கேட்டார். என் முழங்கால் என்னைக் கேட்காமல் நிமிர்ந்தது.

ஐயர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "என்ன தம்பி? நீரா?"

"இது மூணாவது இல்லைய்யா. ரெண்டாவது," என்றேன். "போன வாரம் உபதேசியார் வாசிச்சது செல்லாது. அவருக்கு அதிகாரம் கிடையாது. சபையும் கூடல. பின்னால யாரும் இந்தக் கலியாணம் செல்லாதுன்னு சொல்லிரக் கூடாதுல்லா? அதுக்காகச் சொல்லுதேன்."

நான் சொன்ன காரணத்தை முன்வரிசையில் இருந்த நாலு பேர் கேட்டிருப்பார்கள். நான் எழுந்து நின்றதைச் சபை முழுக்கப் பார்த்தது. பெண்கள் பக்கத்தில், தூணுக்கு அப்பால், என் தங்கை, ஓலை கேட்க வந்திருந்த வருங்கால மாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஐயர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, இதை இரண்டாம் ஓலையாக வைத்துக்கொள்வோம், அடுத்த ஞாயிறு மூன்றாவது வாசிக்கப்படும் என்று சொல்லிவிட்டு ஆராதனையைத் தொடர்ந்தார். புதன்கிழமைக் கலியாணம் அடுத்த புதன்கிழமைக்குப் போனது. விருந்துக்கென்று வாங்கிக் கட்டியிருந்த இரண்டு ஆடுகள் மட்டும் என்னை நன்றியோடு பார்த்தன.

திங்கட்கிழமை விடியற்காலையில் விதிப் புத்தகத்தை எடுத்து, நான் செய்தது சரி என்பதற்கு ஆதாரம் தேடினேன். கிடைத்தது என்ன என்பதை முதல் பத்தியில் எழுதியிருக்கிறேன். ஐயர் வீட்டுக்குப் போனேன். அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்துக் காட்டினார். சாரல் காலத்தில் ரோட்டை நம்ப முடியாது, நான் வரத் தவறினால் நீர் ஓலையை வாசிக்கலாம் என்று உபதேசியாருக்கு அவர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்த அதிகாரக் கடிதம். தேதியோடு, கையெழுத்தோடு.

"இத நேத்தே சபையில காட்டியிருக்கலாமேய்யா," என்றேன்.

"காட்டியிருக்கலாம். பொண்ணுக்கு அண்ணன் எந்திரிச்சிட்டீரு. உம்ம வாய அடைச்சு இந்தக் கலியாணத்த முடிச்சேன்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லக் கூடாதுல்லா? ஒரு வாரம்தானே, போட்டும்னு விட்டுட்டேன்," என்றார். பிறகு கதவு வரைக்கும் வந்து, "நீரே அவகிட்ட சொல்லிரும்," என்றார்.

நான் சொல்லவில்லை.

அந்த ஒரு வாரத்தில் ஊர் சும்மா இருக்கவில்லை. பெண்ணின் அண்ணனே எழுந்து நின்று தடுத்தான் என்கிற செய்தி, எலுமிச்சம்பழம் ஏற்றப் போன லாரிகளில் ஏறிப் புளியங்குடி போய்ச் சேர்ந்தது. ஏன் தடுத்தான் என்பதை அவரவர் வசதிப்படி நிரப்பிக்கொண்டார்கள். மாப்பிள்ளைக்கு வலிப்பு என்றார்கள். கொல்லத்தில் இன்னொரு குடும்பம் இருக்கிறது என்றார்கள். பெண்ணைப் பற்றிச் சொன்னதை நான் எழுதப்போவதில்லை.

கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை நல்ல மனுஷன். "ஒரு வாரம் கூடக் கொஞ்சம் சுதந்திரமா இருந்தேன் மச்சான்," என்று சிரித்தார். தங்கை காரில் ஏறுவதற்கு முன்னால் என் எதிரே வந்து நின்றாள். அழவில்லை.

"அண்ணே, எனக்காவ எந்திரிச்சு நிக்கதுக்கு உலகத்துல நீ ஒருத்தன்தான் இருந்த. நீ எந்திரிச்சது அதுக்கா?"

"ஏட்டி, உன் நல்லதுக்குத்தான..."

"இனிமே நான் உன்கிட்ட பேசல," என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள்.

இலஞ்சி, தென்காசியிலிருந்து சைக்கிளில் கால்மணி நேரம். புதிதில் இரண்டு தடவை போனேன். மாப்பிள்ளை காப்பி கொடுத்தார். அவள் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. மூன்றாம் தடவை போகவில்லை. அதற்குள் ஐயரும் மாற்றலாகி வேறு சேகரத்துச் சபைகளுக்குப் போய்விட்டார். உபதேசியாரையும் கூட அழைத்துக்கொண்டார். அந்தத் துண்டுக் காகிதத்தைப் பற்றி ஊரில் தெரிந்தவன் நான் மட்டும்தான். கேட்டவர்களிடமெல்லாம், "என்ன செய்ய, விதி விதிதானே," என்று பெருமூச்சு விட்டுக்கொண்டு நடமாடினேன். என் மனைவியும் அதை நம்பினாள்.

1958 புத்தாண்டு ஆராதனையில் ஒரு தீர்மானம் எடுத்தேன். தினமும் காலை ஐந்து மணிக்கு எழுந்து வேதம் வாசித்து ஜெபிப்பது. அப்பா இருந்தவரை வீட்டில் இருந்த பழக்கம், நடுவில் நின்றுபோயிருந்தது. நான் அதை மறுபடி ஆரம்பித்ததில் பக்தி எவ்வளவு, வெறிச்சோடிப் போன வீட்டைப் பார்க்கச் சகிக்காதது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் முறையாக ஆரம்பித்தேன். வாரநாளில் மூன்று அதிகாரம், ஞாயிறு ஐந்து என்று வாசித்தால் ஒரே வருஷத்தில் வேதாகமம் முழுவதும் முடிந்து, பத்து அதிகாரத்துக்கு இடம் மிச்சம் விழும். உடம்புக்கு முடியாத நாட்களுக்கு அது போதும். ஒரு நீளக் கோடு போட்ட நோட்டு வாங்கி, கட்டம் வரைந்தேன். தேதி, வாசித்த பகுதி, ஆரம்பித்த நேரம், முடித்த நேரம், விண்ணப்பத்தின் பொருள், முடிவு.

மனைவி விளக்கைப் பக்கத்தில் நகர்த்திப் பார்த்தாள். "என்னங்க இது? கர்த்தருக்கு ரிஜிஸ்தரா?"

"எதுக்கும் ஒரு ஒழுங்கு வேணும்லா."

"அது சரி. கடைசிக் கட்டத்துல யாரு கையெழுத்துப் போடுவா?"

ஆதியாகமத்தைத் திறந்தேன்.

எங்கள் தெருவில் ஐந்து மணிக்கு நாங்கள் மட்டும் எழுந்திருக்கவில்லை. பெரிய கோயில் மணி ஒரு பக்கம், பள்ளிவாசல் பாங்கு ஒரு பக்கம், இரண்டுக்கும் நடுவில் செங்கோட்டை ரயிலின் ஊதல். இந்தப் போட்டியில் எங்கள் கீர்த்தனை எடுபடாது. என் மனைவிக்கு நல்ல குரல். எனக்கு ஏலம் கூறுகிறவன் குரல். அவள் பாடுவாள், நான் கடைசி அடியை மட்டும் சேர்ந்து பாடுவேன். பிறகு வாசிப்பு, ஒரு நாள் அவள், ஒரு நாள் நான். பிறகு பாயில் முழங்கால் போட்டு ஜெபம்.

நான் ஜெபித்ததை இப்போது நினைத்தால் காது சூடாகிறது. மேலதிகாரி முன்னால் நிற்பதுபோல், மரியாதைச் சொற்கள் முதலில், விவரம் நடுவில், வேண்டுகோள் முடிவில். வேண்டுகோள் எந்நாளும் ஒன்றுதான். என் தங்கையின் கடினமான மனதை இளகப் பண்ண வேண்டும். நோட்டில் 'பொருள்: தங்கையின் மனக்கசப்பு' என்று எழுதுவேன். மறுநாள் எழுத அலுப்பாக இருந்தால் 'மேற்படி' என்று போடுவேன். பரமண்டல ஜெபத்தில், பிறருக்கு நாங்கள் மன்னிப்பதுபோல எங்களுக்கும் மன்னியும் என்று வருகிற இடத்தில், நான் என் தங்கையை மனதார மன்னித்துவிட்டேன் என்று ஒரு சின்ன அறிக்கையும் மனதுக்குள் சேர்த்துக்கொள்வேன். அவள் என்னோடு பேசாமல் இருக்கிற குற்றத்தை நான் மன்னித்தேன். அப்படித்தான் வைத்திருந்தேன் கணக்கை.

முதல் வருஷம் முடிந்தது. கடைசி அதிகாரத்துக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டேன். முடிவு என்கிற கட்டம் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை காலி. ஆபீசில் இப்படி ஒரு பதிவேடு இருந்தால் சம்பந்தப்பட்டவரிடம் விளக்கம் கேட்டு மெமோ போவது நிச்சயம். இங்கே சம்பந்தப்பட்டவர் யார் என்பதில்தான் சிக்கல்.

இரண்டாம் வருஷமும் அதே வாசிப்பு. ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது. முதல் வருஷம் அதிகாரங்களை எண்ணினேன். இரண்டாம் வருஷம், எனக்கே தெரியாமல், காதில் விழ ஆரம்பித்தது. தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒருவர் எதிரே போய் உட்கார்ந்தால் எவ்வளவு நாளைக்குத்தான் வெறும் அறிக்கை வாசிக்க முடியும்? ஒரு நாள் அறிக்கையை முடித்த பிறகும் எழுந்திருக்க மனம் வரவில்லை. எதிரே இருப்பவர் ஏதோ கேட்க வாயெடுப்பதுபோல் இருந்தது. எனக்கு ஆபீஸ் நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டேன். மணி ஐந்தே முக்கால்.

இந்த ஓட்டம் அக்டோபர் வரை செல்லுபடியானது.

அன்றைக்கு மனைவி வாசிக்கிற முறை. மத்தேயு ஐந்தாம் அதிகாரம். பீடத்துக்குக் காணிக்கை கொண்டுவருகிறவன், தன்மேல் சகோதரனுக்குக் குறை இருப்பதை அங்கே நினைத்துக்கொண்டால், காணிக்கையை அப்படியே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாக வேண்டும் என்கிற இடம். முந்திய வருஷமும் வாசித்து, நோட்டில் டிக் போட்ட இடம். அவள் வாசித்துவிட்டு நிறுத்தினாள்.

"என்னங்க, இதுல போகணும்னு யாரச் சொல்லுது? மனசுல குறை உள்ளவனையா? குறைக்கு ஆளானவனையா?"

"குறைக்கு ஆளானவனை," என்றேன். இந்த மாதிரிக் கேள்விக்கு எனக்கு உடனே பதில் வந்துவிடும். "காணிக்கை கையில வச்சிருக்கவன்தான் போகணும். மத்தவன் வரணும்னு இதுல இல்ல."

"அப்ப உங்க தங்கச்சி மனசு மாறி வரணும்னு நாம ஏன் ரெண்டு வருசமா வேண்டிக்கிட்டு இருக்கோம்?"

அவள் குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே கேட்டாள். இத்தனை நாளும் நான் தாக்கல் செய்த மனுவில் மனுதாரரும் எதிர்மனுதாரரும் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறார்கள். ஆபீசில் முதல் பார்வையிலேயே நான் திருப்பி அனுப்பியிருக்கக்கூடிய மனு. அதை ஒருவர் கிட்டத்தட்ட இரண்டு வருஷம் பொறுமையாக வாங்கி வைத்துக்கொண்டு, நானே கண்டுபிடிக்கட்டும் என்று இருந்திருக்கிறார்.

முழங்கால் போடவில்லை. பாயில் அப்படியே உட்கார்ந்து, "ஒண்ணு சொல்லணும்," என்றேன். துண்டுக் காகிதத்தைப் பற்றிச் சொன்னேன். இரண்டாம் ஓலை சரியாகத்தான் வாசிக்கப்பட்டது. உபதேசியாருக்கு அதிகாரம் இருந்தது. எனக்குத்தான் எழுந்து நிற்க அதிகாரம் இல்லை. எல்லாம் மறுநாளே தெரியும்.

மனைவி வேதாகமத்தை மூடினாள். வெளியே விடிந்துகொண்டிருந்தது.

"நம்ம தெருவுல நான் எத்தன பேர்கிட்ட சண்ட போட்டிருக்கேன் தெரியுமா?" என்றாள். "எங்க வீட்டுக்காரவுக விதிப்படிதான் செஞ்சாவ, உங்களுக்கு என்ன தெரியும்னு. பால்காரிகிட்ட கூட."

"தெரியும்."

"தெரிஞ்சுமா சும்மா இருந்திய?"

அவள் எழுந்தாள். அடுப்படி வாசலில் நின்று, "நான் காப்பி போடுதேன். நீங்க அவளுக்கு எழுதுங்க. இப்பவே எழுதணும். ஆபீசுக்குப் போனா உங்களுக்கு மனசு மாறிரும்," என்றாள்.

எழுதினேன். காப்பி வருவதற்குள் முழுப் பக்கம் தயார். அவள் டம்ளரை வைத்துவிட்டு வாசித்தாள்.

"பொருள், பார்வைன்னு போட்டிருக்கிய."

"எதப் பத்தின்னு தெரியணும்லா?"

"அவளுக்குத் தெரியாதாக்கும். இது என்ன, 'மேற்படி நிகழ்வு தொடர்பாகத் தங்களுக்கு ஏற்பட்டிருக்கக்கூடிய மனவருத்தத்துக்கு'? ஏற்பட்டிருக்கக்கூடியவா? இத வாசிச்சா இன்னும் அஞ்சு வருசம் பேச மாட்டா."

இரண்டாவது நகலில் பொருளும் பார்வையும் இல்லை. ஆனால் நான் நல்லெண்ணத்தோடுதான் எழுந்தேன் என்பதற்கு முக்கால் பக்கம் விளக்கம் இருந்தது. அவள் பென்சிலை எடுத்து அந்த முக்கால் பக்கத்தையும் அடித்தாள். மிஞ்சியதை நான் வேறு தாளில் எழுதினேன்.

'தங்கைக்கு. அன்றைக்கு ஓலை சரியாகத்தான் வாசித்தார்கள். விதியும் என் பக்கம் இல்லை. அது மறுநாளே எனக்குத் தெரியும், வெட்கப்பட்டு மறைத்துவிட்டேன். தப்பு முழுக்க என்னுடையது. என்னை மன்னித்துக்கொள். அண்ணன்.'

"இப்ப சரி," என்றாள். காப்பி ஆறிப்போயிருந்தது.

ஆபீசுக்குப் போகிற வழியில் தபாலில் சேர்த்தேன். ஒரு தபால் வந்தால் பதினைந்து நாளில் பதில் போட வேண்டும், முடியாவிட்டால் விஷயம் பரிசீலனையில் இருக்கிறது என்று இடைக்காலப் பதிலாவது போட வேண்டும் என்பது எங்கள் ஆபீசில் வழக்கம். என் தங்கை தாலுகா ஆபீசுக்குக் கட்டுப்பட்டவள் அல்ல. பதினைந்து நாள் போயிற்று. கிறிஸ்துமஸ் போயிற்று. தபால்காரர் என்னைத் தெருமுனையில் பார்த்ததுமே கையை விரிப்பார்.

"அண்ணாச்சி, இலஞ்சியில இருந்து ஒண்ணும் இல்ல. நீங்க வேணா சைக்கிள எடுத்துக்கிட்டு ஒரு அழுத்து அழுத்திருங்களேன். நான் எதுக்கு நடுவுல?"

போகவில்லை. அடுப்படிக்குள் அவளைத் துரத்துகிற உரிமை எனக்கு இல்லை. எழுதியதற்கு எழுத்தில் பதில் வரட்டும், வராமலும் போகட்டும். அது அவள் இஷ்டம் என்பதை ஒப்புக்கொள்ளவே எனக்குச் சில மாதம் பிடித்தது.

அந்த மாதங்களில்தான் காலை ஜெபம் மாறியது. நோட்டில் கட்டங்கள் ஒன்றொன்றாகக் கழன்றன. சுவர்க் கடிகாரம் ஒரு வாரம் ஓடாமல் நின்றபோது ஆரம்பித்த நேரமும் முடித்த நேரமும் போயின. கடிகாரம் ரிப்பேராகி வந்த பிறகும் அவற்றை மறுபடி எழுதத் தோன்றவில்லை. அடுத்துப் பொருள் போயிற்று. கேட்பதற்கு ஒன்றுதான் இருந்தது, அது இரண்டு பேருக்கும் தெரிந்ததுதான். 1960 ஜனவரியில் புது நோட்டு வாங்கவில்லை. அதிகாரங்களை எண்ணுவதையும் விட்டுவிட்டோம். சில சமயம் வேதத்தில் ஒரே சங்கீதத்தில் ஒரு வாரம் இருப்போம். கடவுளோடு நெருக்கம் என்று பிரசங்கத்தில் சொல்வார்கள். எனக்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கூச்சம். எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். முன்பெல்லாம் மேசைக்கு இந்தப் பக்கம் நான் நிற்க, அந்தப் பக்கம் அவர் இருப்பார். பிறகு பஸ் ஸ்டாண்டில் ஒரே பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பதுபோல் ஆகிவிட்டது. பஸ் எப்போது வரும் என்று அவரிடம் நான் கேட்கவில்லை. அவரும் காத்துக்கொண்டுதான் இருக்கிறார் என்று தெரிந்தது. அது போதுமானதாக இருந்தது என்று சொன்னால் பொய். பாதி போதுமானதாக இருந்தது.

1960 சீசனில், ஒரு சனிக்கிழமை பிற்பகல் நானும் மனைவியும் குற்றாலம் போனோம். ஆண்கள் பக்கத்தில் தலையில் எண்ணெய் வழிய நின்றவர்களுக்கு நடுவிலிருந்து, "மச்சான்!" என்று ஒரு குரல். தங்கை வீட்டுக்காரர். அருவி இரைச்சலில் இரண்டு பேரும் கத்திக் கத்திப் பேசிக்கொண்டோம்.

"லெட்டர் வந்துச்சு மச்சான். அன்னைக்கே வந்துச்சு."

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. நேரா எங்கம்மா கையில கொண்டு போய்க் கொடுத்தா. ரெண்டு வருசமா எங்கம்மா சொல்லிக்கிட்டு இருந்தாவல்லா, ஓலை தடைபட்ட கலியாணம், அதான் வீட்டுல தொட்டில் கட்டலன்னு."

எனக்கு இது தெரியாது. நான் எழுந்து நின்றது ஒரு வாரத்தோடு போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன். அது தினமும் சாப்பாட்டு நேரத்தில் அவள் இலைக்குப் பக்கத்தில் வந்து நின்றிருக்கிறது.

"உங்கம்மா என்ன சொன்னாவ?"

"ஓலை ஒழுங்காத்தான் வாசிச்சிருக்கு, அண்ணன்காரன்தான் தப்புன்னு அவன் கைப்படவே எழுதியிருக்கான்னாவ. அதுக்குப் பெறவு அந்தப் பேச்சு இல்ல." தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்: "உங்க பேரு எங்க வீட்டுல ரொம்ப மோசம் மச்சான். அவளுக்கு இப்ப நல்ல பேரு."

என் வாழ்க்கையில் நான் வாங்கிய நற்சான்றிதழ்களில் அதற்கு இணையானது இல்லை.

உடை மாற்றிக்கொண்டு கடைவீதிப் பக்கம் வந்தோம். என் மனைவியோடு தங்கை நின்றுகொண்டிருந்தாள், ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு. மூன்று வருஷத்துக்குப் பிறகு அவ்வளவு கிட்டத்தில் பார்க்கிறேன். கொஞ்சம் மெலிந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பவில்லை, பேசவும் இல்லை. கையிலிருந்த காகிதப் பொட்டலத்தை என் மனைவியிடம், "இந்தாங்க மைனி," என்று கொடுத்துவிட்டு, கணவரோடு இலஞ்சி பஸ்ஸுக்கு நடந்தாள்.

பொட்டலத்தில் நாலு மங்குஸ்தான் பழம்.

"எனக்கும் சேத்தா கொடுத்தா?" என்றேன்.

"உங்களுக்குன்னு சொல்லல," என்றாள் மனைவி. ஒன்றை உடைத்து வாயில் போட்டுக்கொண்டாள். "ஆனா நாலு இருக்கு. நான் ஒருத்தி. நீங்கதான் எல்லாம் விதிப்படி பாக்கவுக, நீங்களே சொல்லுங்க."

இடைக்காலப் பதில் என்று எடுத்துக்கொண்டு இரண்டைத் தின்றேன்.

பிறகு மறுபடியும் ஒன்றும் இல்லை. ஆடி, ஆவணி, மழைக்காலம், கிறிஸ்துமஸ், லெந்து நோன்பு. காலை ஐந்து மணிக்குக் கோயில் மணியும் பாங்கும் ரயிலும் நாங்களும். மன்னிப்பைப் பற்றிய இடம் வரும்போது நான் அறிக்கை கொடுப்பதை நிறுத்தியிருந்தேன். அந்த இடத்தில் குரல் கொஞ்சம் இறங்கும், அவ்வளவுதான். மனைவி அதைக் கவனித்தாள். தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்பதைத் தபால்காரர்தான் ஒரு நாள் போகிற போக்கில் சொன்னார். மறுநாள் காலையில் நாங்கள் இருவரும் ரொம்ப நேரம் முழங்காலில் இருந்தோம். கேட்பதற்கு ஒன்றும் இல்லாமல் அவ்வளவு நேரம் இருந்தது அதுதான் முதல் தடவை. பஸ் வருகிறதோ இல்லையோ, பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து சந்தோஷப்பட ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

அந்த வருஷமும் ஜமாபந்தி வந்தது. பதிவேடுகளுக்கு நடுவில் நான் தலையை விட்டுக்கொண்டிருந்தபோது தபால்காரர் வீட்டுக்குப் போகாமல் நேரே ஆபீசுக்குள் வந்தார். முறைப்படி தனியார் தபாலை வீட்டு விலாசத்தில்தான் சேர்க்க வேண்டும். நான் அதைச் சுட்டிக்காட்டவில்லை.

"அண்ணாச்சி, இலஞ்சி," என்றார். "நான் வாசிக்கல. கார்டுதானே, கண்ணுல பட்டுச்சு."

சாரலில் நனைந்து ஓர் ஓரம் மை கலைந்திருந்தது. அவள் கையெழுத்து, நான் சிலேட்டில் பிடித்து எழுதப் பழக்கிய கையெழுத்து.

'அண்ணனுக்கு. வருகிற ஞாயிற்றுக்கிழமை குழந்தைக்கு ஞானஸ்நானம். நீயும் மைனியும் வர வேண்டும். குழந்தைக்காகப் பதில் சொல்ல ஞானத்தகப்பனாக நீதான் நிற்க வேண்டும் என்று என் வீட்டுக்காரரிடமும் அத்தையிடமும் சொல்லிவிட்டேன். ஐயர் உன்னைக் கேள்வி கேட்கும்போது மட்டும் எந்திரி. மற்ற நேரமெல்லாம் உட்கார்ந்தே இரு.'

அரை நாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, கார்டைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். மனைவி வாசித்தாள், முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். பிறகு உள்ளே போய், பரணில் கிடந்த முதல் வருஷத்து நோட்டை எடுத்து வந்து, முதல் பக்கத்தைத் திறந்து, காலியாக இருந்த கடைசிக் கட்டத்தில் விரலை வைத்தாள்.

"பதில் வந்த தேதிய இதுல எழுதுங்க. யாரு கையெழுத்துப் போடுவான்னு கேட்டேன்லா, இந்தா அவளே போட்டுட்டா."

பேனாவை எடுத்து, கோணல் இல்லாமல், கட்டத்துக்குள் அடங்குகிற மாதிரி எழுதினேன்: 1961 ஜூன் 12, திங்கட்கிழமை.